பறவை பயத்துக்காகப் பசுமைக் கூரையைத் தூக்க வேண்டாம், செடியை மாற்றுங்கள்

சிகாகோ விமான நிலைய டெர்மினலுக்கு நீங்கள் வரைந்த பசுமைக் கூரையை (மண் பரப்பிச் செடி வளர்க்கும் கூரை), விமானத்தில் பறவை மோதும் ஆபத்து என்று ஜூரி (டிசைனை மதிப்பிடும் குழு) திருப்பியதால் எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். எடுக்க வேண்டியதில்லை. அதில் நீங்கள் வைத்திருக்கும் பழச்செடிகளையும் அந்தக் குளத்தையும் எடுத்தால் போதும். ஜூரி அப்படித் திருப்பியதற்கு, உங்கள் படத்தைப் பார்த்தால், அந்த இரண்டும்தான் காரணமாக இருக்க வேண்டும். பழமும் விதையும் தீனி, தேங்கிய தண்ணீர் அழைப்பு. பசுமையே இல்லாத வெறும் ஜல்லிக் கூரையிலும் கடற்பறவைகள் கூடு கட்டும் என்பதை ஜூரியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

45 செ.மீ. மண்ணை 10 செ.மீ. அளவுக்குக் குறைத்து, செடம் வகைத் தாவரங்களை (தடித்த இலையில் நீரைச் சேமிக்கும் குட்டைச் செடிகள்) போடுங்கள். தரையோடு படரும், தண்ணீர் அதிகம் கேட்காது. அதே ஊரில் ஒஹேர் விமான நிலையத்தில் ஃபெடெக்ஸ் சரக்குக் கட்டடத்தின் கூரை இப்படித்தான் பசுமையாக இருக்கிறது. உங்களுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடைக்காது, முதல் ஷீட்டிலேயே வையுங்கள்.

அப்புறம் ஒன்றைச் சரிபாருங்கள்: பெருமழை நின்றபின் கூரையில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? விமான நிலைய மழைநீர்த் தொட்டிகள் 48 மணி நேரத்தில் வடிந்து உலர வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் பரிந்துரை. கூரைக்கும் அதையே உச்ச வரம்பாக எடுத்துக்கொண்டு, வடிகால் அடுக்கையும் சரிவையும், கூரையின் குறுக்குவெட்டுப் படமான செக்‌ஷனில் தெளிவாகக் காட்டுங்கள். தூண் கணக்கில் மண்ணின் நனைந்த எடையைப் போடுங்கள், உலர்ந்த எடையை அல்ல.

ஒரு எச்சரிக்கை: இதே செக்‌ஷனைப் பருவமழை ஊருக்கு அப்படியே நகலெடுக்காதீர்கள். தொடர் ஈரத்தில் செடம் அழுகிவிடும்.