சோம்பலா, நோயா? மனச்சோர்வு பற்றிய கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

எனக்கும்தான் ஆபீஸில் மன அழுத்தம். நான் மாத்திரை எதுவும் போடவில்லையே?

மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. நம் பேச்சில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம், குழப்பமே அங்குதான் தொடங்குகிறது. கடன் அடைந்தால், தேர்வு முடிந்தால் அழுத்தம் இறங்கிவிடும். மனச்சோர்வு அப்படி இறங்காது. குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக தினமும், நாளின் பெரும்பகுதி சோகமோ எதிலும் நாட்டமின்மையோ இருக்கும். இந்த இரண்டில் ஒன்று கட்டாயம். இவற்றோடு தூக்கம், பசி, அசதி, கவனக்குறைவு, தன்னையே குற்றம் சொல்வது, உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமை, சாவு பற்றிய நினைப்பு ஆகியவற்றையும் பார்ப்போம். ஒன்பதில் ஐந்து இருந்து அன்றாட வேலையும் கெட்டுப்போனால் அது நோய்.

மகன் காலேஜ் இரண்டாம் வருஷம். மூன்று மாதமாகக் குளிக்கக்கூட எழுவதில்லை, போனையே நோண்டிக்கொண்டு கிடக்கிறான். "சோம்பேறி, நாலு வை வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார் அவன் அப்பா.

வேண்டாம் அம்மா, கை வைக்கவே கூடாது. சோம்பேறி பிடிக்காத வேலையைத்தான் தள்ளிப்போடுவான், பிடித்ததற்கு முதல் ஆளாக ஓடுவான். உங்கள் மகன் முன்பு விரும்பியதை இப்போது தொடுகிறானா? கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டால் போகிறானா? பிரியாணி வாங்கி வைத்தால் சாப்பிடுகிறானா? அதுவும் இல்லையென்றால் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள்.

போனையும் கொஞ்சம் கிட்டேயிருந்து பாருங்கள். பல பேருக்கு விரல் மட்டும்தான் தள்ளிக்கொண்டிருக்கும், ஒரு வீடியோவை முழுதாகப் பார்க்கக் கவனம் நிற்காது. குளியல் நமக்கு ஒரு வேலை. அவனுக்கு எழுவது, துண்டு எடுப்பது, வாளி நிரப்புவது, துவட்டுவது என்று ஒவ்வொன்றும் தனி மலை. "மனசைத் திடமா வச்சுக்கோ" என்கிறோம். திடப்படுத்திக்கொள்ளும் அந்தத் திறனைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. அதனால் "போய்க் குளி" என்பதற்குப் பதில், "எழுந்து உட்காருப்பா, முகம் மட்டும் கழுவிக்கலாம்" என்று ஒரு படி மட்டும் சொல்லுங்கள். மாலையில் பத்து நிமிடம் கூடவே நடங்கள். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டதால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். மது, கஞ்சா பழக்கம் உண்டா என்று மருத்துவர் அவனிடம் தனியாகக் கேட்பார், அப்போது நீங்கள் வெளியே இருந்துகொள்ளுங்கள்.

எனக்கு வயது 58. உடம்பெல்லாம் வலி, நெஞ்சுப் படபடப்பு. ஸ்கேன், இசிஜி எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லை, மனசுதான் காரணம்" என்கிறார்கள். நடிக்கிறேன் என்கிறார்களா?

இல்லை, உங்கள் வலி உண்மை. நம் ஊரில் மனச்சோர்வு பல நேரம் உடம்பு வழியாகத்தான் வெளிப்படுகிறது. விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்து, காலையில் மிக மோசமாகவும் சாயங்காலம் சற்றுத் தேவலையாகவும் இருக்கிறதா? அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பரிசோதனைகளையும் பார்த்துவிடுவது நல்லது. அவை குறைந்தாலும் இதே அசதிதான் வரும்.

மாத்திரை ஆரம்பித்து ஐந்தாம் நாள் ஒரே குமட்டல். பழகிவிடும் என்ற பயம் வேறு. நிறுத்திவிட்டேன்.

பெரும்பாலோர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளில் குமட்டல், தலைவலி முதல் ஓரிரு வாரங்களில் வந்து தணியும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது தொந்தரவு முன்னால் வரும், நன்மை பின்னால் வரும். சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். தாங்கவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்துத் தொடங்கலாம். இவை போதை தருவதில்லை. பழக்கமாகும் ஆபத்து, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளில்தான் உண்டு.

குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். சட்டென நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், ஆகவே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று: எப்போதாவது தூக்கமே இல்லாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு பல நாள் இருந்ததுண்டா? இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது இருமுனை நோயாக, அதாவது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோயாக இருந்தால் மருந்தே வேறு.

மருமகளுக்குப் பிரசவமாகி ஆறு வாரம். குழந்தையைத் தூக்கக்கூட மனமில்லாமல் அழுகிறாள். செய்வினை என்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்க வேண்டும். ஆறு வாரம் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. கோவிலுக்குப் போங்கள், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பால் கொடுக்கும்போது போடக்கூடிய மாத்திரைகள் உண்டு. இரவில் ஒரு தடவை பாலூட்டுவதை வேறொருவர் ஏற்று, அவளைத் தொடர்ந்து சில மணி நேரம் தூங்க விடுங்கள். காதில் குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது.

"சாகணும்னு தோணுதா" என்று கேட்டால் நாமே நினைப்பைக் கொடுத்தது போலாகாதா? போலீஸ் கேஸ் வேறு வருமே?

கேட்பதால் நினைப்பு வராது. உள்ளே இருப்பதை இறக்கிவைக்க ஒரு வழி கிடைக்கும். நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டை விட்டே அகற்றுங்கள், மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்: இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்கிறது, அதனால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தனியாரிடம் காட்டப் பணமில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். பழைய சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், இவற்றோடு கூடவே இருந்து பார்த்த ஒருவரையும் அழைத்துப் போங்கள்.