தோல் அட்டை வெளியே வளைஞ்சா என்ன செய்யலாம்?

அண்ணாச்சி, தாத்தாவோட கணக்கு நோட்டுக்கு ஆட்டுத்தோல் போட்டு, மறுநாளே ரெண்டு அட்டையும் வெளியே வளைஞ்சிட்டுன்னு எழுதியிருக்கீங்க. பயப்படாதீங்க, தோல் கெடலை. மைதாப் பசையோட ஈரத்துல தோல் விரியும், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். உள்பக்கம் எதிர்த்து இழுக்க ஒண்ணும் இல்லை, அதான் காரணம்.

உள்ளே மடிச்ச தோலுக்கு நடுவுல பள்ளமா தெரியுதுல்லா, அதைத் தாள் ஒட்டி நிரப்புங்க. மேல இன்னொரு முழுத்தாள் பசை தடவி ஒட்டுங்க. தாளோட இழை, அதாவது அதோட நார் ஓடுற திசை, நோட்டோட முதுகுக்கு (தைச்ச பக்கத்துக்கு) இணையா இருக்கணும். முதுகு வாக்குல சுருட்டினா சுளுவா வளையுற தாள்தான் சரி. அப்புறம் ரெண்டு பலகைக்கு நடுவுல, மேல அம்மிக்கல்லை வச்சு மூணு நாள் விடுங்க. பாளையங்கோட்டை வெயில்ல மொட்டைமாடிக்கு மட்டும் கொண்டுபோயிராதீங்க, மறுபடி முறுக்கிக்கும்.

ஓரத்துல கறுப்புப் புள்ளின்னு சொன்னது இரும்புக் கறை. மரப்பட்டையில பதனிட்ட தோல் ஈரமா இருக்கப்ப இரும்பு பட்டாலே கறுத்துரும். அடுத்த தடவை தேய்க்க வழவழப்பான மூங்கில் பட்டை எடுங்க.

தோல் ஓரத்தைச் சீவி மெலிசாக்கினீங்களா? நகத்தால வருடினா படி தட்டக்கூடாது. அந்த இடத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்லுதேன்.