கழுவினால் விந்தும் போய்விடுமா?

கேள்வி: பெங்களூரு எலஹங்கா பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன் டாக்டர். சொந்த ஊர் தருமபுரி. என்னிடம் 14 வயது மார்வாரி பெண் குதிரை ஒன்று இருக்கிறது, இதுவரை குட்டி போட்டதில்லை. போன மாதம் ஆண் குதிரையோடு சேர்த்தோம். மறுநாள் காலை ஸ்கேனில் கருப்பைக்குள் 3 செ.மீ. அளவுக்கு நீர் தெரிந்தது. எடுத்துப் பார்த்ததில் சீழ் செல் நிறைய இருந்தது. கழுவிவிட வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். விந்தும் சேர்ந்து போய்விடுமே என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. 16-ம் நாள் பார்த்தால் சினை இல்லை. ஆண் குதிரையிடமிருந்து நோய் தொற்றிவிட்டதா? அடுத்த தடவை ஆன்டிபயாடிக் போட்டுவிட்டுச் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரி. கழுவியிருக்கலாம்.

மாடு வளர்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத்தான் இருக்கும். காளை சேரும்போது விந்து யோனியில் விழும். குதிரையில் நேராகக் கருப்பைக்குள்ளேயே போய்விடுகிறது, கூடவே கிருமியும் அழுக்கும் போகும். ஆனால் கிருமியே இல்லாத விந்தணுவைச் செலுத்தினாலும் கருப்பையில் அழற்சி வரும். விந்தணுவே அதைத் தூண்டிவிடுகிறது. கருப்பை நீரிலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் விழித்துக்கொண்டு, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. அரை மணி நேரத்துக்குள் வர ஆரம்பித்து, 6 முதல் 12 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். சேர்த்த மறுநாள் காலை நல்ல குதிரையிடம் எடுத்துப் பார்த்தாலும் அந்தச் ‘சீழ் செல்’ இருக்கும். அதை மட்டும் வைத்து ஆண் குதிரை மேல் பழி போடாதீர்கள்.

இந்த வெள்ளணுக்களின் வேலை பார்க்க வேண்டிய ஒன்று. விந்தணுக்களை விழுங்குவதோடு நிற்பதில்லை, தங்கள் டி.என்.ஏ.வையே வலைபோல் வெளியே வீசி அவற்றைச் சிக்கவைக்கும். விந்துத் திரவத்தில் அந்த வலையை அறுக்கிற என்சைம் இருக்கிறது. உயிருள்ள விந்தணுவை வெள்ளணு பிடிக்காமல் காக்கும் புரதமும் உண்டு. செத்தவைக்கு அந்தச் சலுகை கிடையாது. இவ்வளவும் நடப்பது இயற்கையான துப்புரவு. கருவுக்கு வேண்டிய விந்தணுக்கள் 4 மணி நேரத்துக்குள் கருக்குழாய்க்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கருப்பையில் கிடப்பது மிச்சமும் கசடும்தான். அதனால் 4 மணி நேரம் கழித்துக் கழுவினால் சினை பிடிப்பது கெடாது.

கெடுவது எங்கே என்றால், துப்புரவு முடிந்தும் நீர் வெளியேறாதபோது. உங்கள் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் தண்ணீர் தேங்கினால் மழையையா திட்டுவோம், வடிகாலைத்தானே? 36 மணி நேரம் தாண்டியும் நீரும் அழற்சியும் இருந்தால் அது நோய். கரு கருப்பைக்குள் இறங்குவது, முட்டை வெளியாகி ஆறாம் நாள் வாக்கில். அதற்குள் உள்ளே சுத்தமாகிவிட வேண்டும். வயதாகியும் குட்டி போடாத குதிரைகளில் கருப்பை வாய் பருவ காலத்திலும் பல சமயம் சரியாக இளகாது, நீர் வடிய வழி இருக்காது. உங்கள் குதிரையிடம் எனக்கு முதல் சந்தேகம் அதுதான்.

அடுத்த பருவத்தில், சேர்ப்பதற்கு முன்பே கருப்பையிலிருந்து மாதிரி எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள். கருப்பை வாயைக் கையால் சோதித்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் அழற்சி புதிதாகக் கிளம்பும் என்பதால், ஸ்கேனில் முட்டைப்பையைப் பார்த்து, முட்டை வெளியாவதற்கு ஊசி போட்டு, ஒரே ஒரு தடவை சேருங்கள். பிறகு 6 மணி நேரம் வாக்கில் ஸ்கேன். நீர் இருந்தால், உடல் சூட்டுக்குக் கொண்டுவந்த சுத்தமான சலைன் (உப்பு நீர்) அல்லது ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை லிட்டர் லிட்டராக உள்ளே விட்டு, திரும்பி வருவது தெளியும் வரை கழுவுவார்கள். பின்னாலேயே ஆக்ஸிடோசின் ஊசி, கருப்பை சுருங்கி மிச்சத்தைத் தள்ளும். கருப்பை வாய் இறுகியிருந்தால் அதற்கும் சேர்த்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். குதிரையை லாயத்திலேயே கட்டிப்போடாமல் நடக்கவிடுங்கள், செலவில்லாத வைத்தியம் அது.

ஆன்டிபயாடிக், கல்ச்சரில் கிருமி வந்தால் மட்டும். சும்மா சும்மா உள்ளே ஊற்றினால் பூஞ்சைத் தொற்றுக்கு வழிவிட்டதாகும், அதைத் தீர்ப்பது இதைவிடப் பெரும்பாடு. பெட்டாடைனை அப்படியே ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கருப்பையின் உள்சவ்வு புண்ணாகிவிடும். ஆக்ஸிடோசினுக்குப் பதில், கருப்பையைச் சுருங்கவைக்கும் இன்னொரு ஊசியான க்ளோப்ரோஸ்டெனால் போடுவதாக இருந்தால், முட்டை வெளியாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெளியான பிறகு போட்டால், சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனை அது குறைத்துவிடும்.

சினை ஸ்கேனை 14-ம் நாளே வைத்துக்கொள்ளுங்கள், இரட்டைக் கரு இருந்தால் அப்போதே தெரியும், சரிசெய்யவும் நேரமிருக்கும். இவ்வளவு செய்தும் சினை நிற்கவில்லை என்றால், மறுபடி சேர்ப்பதற்கு முன் கருப்பைச் சவ்வில் பயாப்ஸி (சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்துவிடுங்கள். 14 வயதில் இன்னும் எத்தனை பருவம் செலவழிக்கலாம் என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.