ஆங்கிலத்தில் கடிதமோ ஈமெயிலோ எழுதினால் பிழை வருகிறது. அன்றாட ஆங்கில எழுத்தை எப்படிச் சரிப்படுத்துவது?

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரி ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். நாளாந்த அறிக்கை, கடிதம், ஈமெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். படித்ததோ தோட்டப் பாடசாலையில், தமிழ் மொழிமூலம். அதனால் உங்கள் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். இலக்கணப் புத்தகத்தை எடுப்பதற்கு முன் உங்கள் தமிழைக் கவனியுங்கள். நம்முடைய பல பிழைகள் அங்கிருந்துதான் வருகின்றன, திருத்தும் வழியும் அங்கேயே கிடைக்கும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது அப்பாயிக்காக, அதாவது அப்பாவின் அம்மாவுக்காக, ஒரு கடிதம் எழுதினேன். பிறப்புப் பதிவில் அவருடைய பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. மலையகத்தில் பல வீடுகளில் உள்ள பிரச்சினை இது. அப்பாயி தோட்டத்தில் பிறந்து, பெயர் பதியப்பட்டு, பிறகு அட்டை எடுத்து, இப்போது பணம் எடுக்கப் போய், அங்கே திருப்பி அனுப்பப்பட்டு என்று மனதில் ஓடியதை அப்படியே ஆங்கிலமாக்கினேன். ஒன்பது வரிக்கு ஒரே வாக்கியம், நடுவில் ஏழெட்டு 'அன்ட்'. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: எந்தப் பெயர் சரி, எதைத் திருத்த வேண்டும்? அப்பாயி "என்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. கேட்க வேண்டிய அந்த ஒன்றை நான் கடிதத்தில் எழுதவே இல்லை.

தமிழில் 'போய், வாங்கி, கொடுத்து, வந்தேன்' என்று எச்சங்களை அடுக்கிக் கடைசியில் ஒரு முற்று வைத்தால் போதும். 'வந்தேன்' என்பதற்குள்ளேயே 'நான்' இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இந்த அடுக்கு ஒத்துவராது. ஆகவே தமிழில் எச்சம் வரும் இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைத்து, யார் செய்தது என்பதை மறுபடி சொல்லி, அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். இரண்டாவது கடிதத்தை அப்படித்தான் எழுதினேன். 'ப்ளீஸ் கரெக்ட் மை கிராண்ட்மதர்ஸ் நேம் ஆன் ஹர் ஐடென்டிட்டி கார்ட்' என்பது முதல் வரி. அடுத்து இரண்டு எழுத்துக்கூட்டல்கள், அதில் எது சரி, என்னென்ன பிரதிகள் இணைத்திருக்கிறேன். மொத்தம் ஐந்து வாக்கியம். இந்த முறை பதிலோடு விண்ணப்பப் படிவமும் வந்தது.

அப்புறம் சின்னச் சின்னப் பிழைகள். 'சின்ஸ்', 'ஃபோர்' குழப்பத்துக்குத் தமிழே விடை சொல்லும். 'மூன்று வருஷமாக' என்று 'ஆக' வந்தால் 'ஃபோர் த்ரீ இயர்ஸ்', '2019இலிருந்து' என்று வந்தால் 'சின்ஸ் 2019'. எங்கள் ஆபீஸ் ஈமெயில்களில் நான் அதிகம் திருத்துவது 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே'. 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று நாம் சொல்வதால் வருவது அது. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' என்றுதான் எழுத வேண்டும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள் 'பற்றி' ஏற்கெனவே இருக்கிறது, பின்னால் 'அபௌட்' வேண்டாம். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ' (a), 'த' (the) இரண்டும்தான் கஷ்டம். 'ஒரு லொறி வந்தது, அந்த லொறியில்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'ஒரு' வரும் இடத்தில் 'எ', 'அந்த' வரும் இடத்தில் 'த'. எல்லா இடத்திலும் பொருந்தாது, தொடங்குவதற்குப் போதும்.

இலங்கையில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்தான் வழக்கம், போனிலும் கணினியிலும் அகராதியை அதற்கு மாற்றிவிடுங்கள். 'கைண்ட்லி'யும் 'ப்ளீஸ்'ஸும் ஒரே வாக்கியத்தில் வேண்டாம், ஒன்றே மரியாதைதான். 'டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்யுங்கள்) என்று முடிக்காமல் என்ன வேண்டும், எந்தத் திகதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள்.

பயிற்சிக்கு, தினமும் இரவு ஒரு கொப்பியில் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். பாடப்புத்தகத் தலைப்புகள் வேண்டாம், உங்கள் கை அறிந்த வேலையை எழுதுங்கள். நான் கொழுந்து வாட்டுவதை எழுதினேன். பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்புவார்கள், அடியிலிருந்து காற்று வரும், பல மணி நேரத்தில் இலை துவளும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் காம்பு முறியாமல் உருண்டையாக நிற்க வேண்டும். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கை அறிந்துவிட்டது, ஆங்கிலத்தில் எழுத எனக்கு நான்கு இரவு பிடித்தது. 'பரப்பு', 'துவள்', 'இறுக்கு', 'முறி' என்று ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்த்தேன். அந்த நான்கு சொல்லையும் அதற்குப் பிறகு நான் தேடியதே இல்லை.