காகித விமானம் மடித்து லீன் உற்பத்தியைக் கற்றுத்தர முடியுமா, எப்படி நடத்துவது?

முடியும், நடத்துபவர் கணக்கில் ஏமாற்றாத வரை. லீன் என்றால் காத்திருப்பு, குவியல் போன்ற வீணைக் குறைத்து உற்பத்தி செய்யும் முறை. நீங்கள் மெக்கானிக்கல் அல்லது எம்.பி.ஏ. வகுப்பெடுப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வேண்டியவை ஏ4 தாள், ஸ்கெட்ச் பேனா, சாக்பீஸ், ஸ்டாப்வாட்ச். நான்கு பேர் வரிசையாக உட்காரட்டும். முதல் ஆள் தாளை நெடுக்கில் பாதியாக மடிப்பார் (8 நொடி). அடுத்தவர் இரண்டு மூலைகளை நடுக்கோட்டுக்கு மடிப்பார் (14). மூன்றாமவர் இரண்டு இறக்கைகள் (26), நான்காமவர் இறக்கைக்கு ஒரு நட்சத்திரம் (12). இறக்கை மடிப்பை ஸ்கேலால் நீவச் சொல்லிவிட்டால் மூன்றாமவர் தானாகவே பின்தங்குவார். அதுதான் உங்கள் பாட்டில்நெக், அதாவது மொத்த வரிசையின் வேகத்தையும் கட்டிப்போடும் இடம். நொடிகள் உத்தேசம்தான், உங்கள் பிள்ளைகளை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஒரு சுற்று 6 நிமிடம். முதல் சுற்றில் ஐந்து ஐந்தாகக் கைமாற்ற வேண்டும். முதல் ஐந்து விமானங்கள் 300-ஆவது நொடியில்தான் வெளியே வரும். அதோடு சுற்று முடிந்த மாதிரிதான். இரண்டாவது சுற்றில் ஒவ்வொன்றாக. முதல் விமானம் 60 நொடியில் வந்துவிடும், மொத்தம் 12.

இங்கேதான் பயிற்சியாளர்கள் பலர் "உற்பத்தி இரண்டு மடங்கு!" என்று கைதட்ட வைக்கிறார்கள். எனக்கு எரிச்சலே அதுதான். இதையே ஒரு மணி நேரம் ஓட்டினால் ஐந்து ஐந்தாக 130, ஒவ்வொன்றாக 137, அவ்வளவே. பாட்டில்நெக் 26 நொடியிலேயே நிற்கும்போது உற்பத்தி எப்படிக் கூடும்? போதாக்குறைக்கு, இரண்டாவது சுற்றுக்குள் கையும் பழகிவிடும். நேரம் எடுப்பதற்கு முன்பே எல்லாரும் பத்துப் பத்து மடித்துப் பழகட்டும், இல்லாவிட்டால் பழக்கத்தின் பலனை லீன் கணக்கில் எழுதுவீர்கள்.

உண்மையான பாடம் மேசையில் குவிந்த தாளில் இருக்கிறது. இரண்டாவது சுற்றின் முடிவில் முதல் ஆள் 45 தாள் மடித்திருப்பார், வெளியே வந்தது 12; மீதி 33 தாள் பாதி வேலையில் கிடக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதிப்படி, வரிசையில் கிடக்கும் தாளை ஒரு விமானம் வெளிவரும் இடைவெளியால் பெருக்கினால் காத்திருப்பு நேரம்: 33 × 26 = 858 நொடி; புதிதாக நுழையும் தாள் 14 நிமிடம் காத்திருக்கும். இரண்டாவது நிமிடத்தில் ஒரு மஞ்சள் தாளைச் செருகிப் பாருங்கள், சுற்று முடியும்வரை வெளியே வராது.

மூன்றாவது சுற்றில் ஆட்களுக்கு நடுவே சாக்பீஸால் கட்டம் போடுங்கள். கட்டத்தில் ஒரு தாள் இருந்தால் அதில் தாள் வைப்பவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் கான்பான். அப்போதும் 12 விமானம்தான், ஆனால் வரிசையில் அதிகபட்சம் 7 தாள், மஞ்சள் தாள் 3 நிமிடத்துக்குள்ளேயே கைக்கு வந்துவிடும். சும்மா இருக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும், ஒளித்துவைத்துக்கூட மடிப்பார்கள். அதைக் கண்டிக்காமல் பேச்சுக்கு எடுங்கள்.

நான்காவது சுற்றில் வேலையைப் பிரியுங்கள். ஒரு மூலை முதல் ஆளுக்கு, மறு மூலையும் ஓர் இறக்கையும் இரண்டாமவருக்கு, மீதி இறக்கை மூன்றாமவருக்கு. 15, 20, 13, 12 நொடி ஆகிவிடும். ஆள் கூடவில்லை, 16 விமானம் வரும்.

"இது வெறும் விளையாட்டு, தொழிற்சாலையில் மெஷின் பிரேக்டவுன் ஆகும், லோடு வராது" என்று யாராவது வருவார்கள். சரிதான். ஆனால் மேசையைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி, சுவரில் 5எஸ் (பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) போஸ்டர் மாட்டி, சான்றிதழ் வாங்கும் லீனைவிட இது எவ்வளவோ மேல்.

நேரம் பற்றாவிட்டால் முதல் சுற்றை வெட்டுங்கள், மூன்றாவதை மட்டும் வெட்டாதீர்கள்.