வெறும் மெக்கானிக்கா?

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறேன். 'கியர்ஸ் ஆஃப் வார்' வீடியோ விளையாட்டுத் தொடரில் வரும் டேமன் பேர்ட் எனக்கு மிகவும் பிடித்தவர். எந்த எந்திரத்தையும் சரிசெய்துவிடுவார். வாயைத் திறந்தால் எல்லாரையும் குத்திக்காட்டுவார். மார்கஸ் பீனிக்ஸ்தான் நாயகன், பேர்ட் வெறும் மெக்கானிக் என்கிறார்கள் நண்பர்கள். அவரைப் போன்ற ஒருவரை வைத்துச் சிறுகதை எழுத ஆசை. இவ்வளவு எகத்தாளம் பேசுபவனை வாசகர்கள் வெறுக்காமலிருக்க என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பேர்டை எனக்கும் தெரியும். என் மகன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது ஒரே சொல். 'வெறும் மெக்கானிக்' என்று நண்பர்கள் சொன்னார்களாம். நீங்களும் அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டீர்கள். நகக்கண்ணில் படிந்த கிரீஸ் போகாத நீங்கள் மறுத்து ஒரு வரி எழுத வேண்டாமா? அந்த 'வெறும்' உங்கள் மேலும்தானே விழுகிறது!

வாசகர் வெறுப்பாரா என்பதை விடுங்கள், அது எழுதுகிறவன் கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. பேர்ட் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று யோசித்தீர்களா? அந்தத் தொடரில் 2013இல் வந்த 'ஜட்ஜ்மென்ட்' விளையாட்டு முழுக்க பேர்டின் கதை. மேலிடத்து உத்தரவை மீறி ஏவுகணையைப் பயன்படுத்தியதற்காக, சண்டை ஓயுமுன்பே அவரையும் அவர் குழுவையும் ராணுவ விசாரணையில் நிறுத்துகிறார்கள். கண்ணெதிரே என்ன நடக்கிறது என்று தெரிந்தவன், தெரியாதவர்களுக்குக் கைகட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாக்கு அங்கேதான் கூர்மையாகிறது.

என் பெரியப்பா ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது ரப்பர் பாலை ஷீட்டாக்கும் கூடத்தில், எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். 1974இல் எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு அங்கே ஷீட் உருளையில் வேலை. ஆசிட் ஊற்றி உறைந்த பாலைத் தட்டிலிருந்து எடுத்து உருளைக்குள் கொடுப்பார். கடைசி உருளையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும்; அந்த வரி விழுந்தால்தான் ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாமல், புகைக்கூடத்தில் சீக்கிரம் உலரும். ஷீட்டைக் கொடுக்கிற கைக்கும் உருளைக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது.

பெரியப்பா ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங்மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிக் கேட்டவர், உருளையை நிறுத்த வேண்டும் என்றார். சனிக்கிழமை வரை ஓடட்டும் என்றார் தோட்டத்துக் கணக்கரான கிராணி.

"ஐயா, அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பேரிங் படிக்கிற மாதிரி ஒட்டிவைக்கிறேன்" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டித் தரையில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான்கு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தபோது, உள்ளே குண்டுகளைத் தாங்கும் வளையம் மூன்று துண்டாகக் கிடந்தது. பிடித்த சம்பளத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

இதை அறியாமல் எகத்தாளத்தை மட்டும் எழுதினால் உங்கள் பாத்திரம் வெறும் வாயாடியாகத்தான் நிற்பான். முதலில் அவன் எந்திரத்தைக் காது கொடுத்துக் கேட்கட்டும். என்ன கேட்டான் என்பது வாசகருக்கும் தெரியட்டும். அதன்பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். இன்று பட்டறையில் நீங்கள் பிரித்த எஞ்சினைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். பேர்ட் இல்லாமல், நண்பர்கள் இல்லாமல். அனுப்பாமல் இருந்தால் கோபித்துக்கொள்வேன்.

பெரியப்பா உருளையை நிறுத்திய மறுநாளிலிருந்து அம்மா தூக்குச்சட்டியில் அவருக்கும் சேர்த்துக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். நான்தான் சுமந்துபோவேன். முதல் நாள் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, "தோட்டத்துக் கடையில் உப்பு தீர்ந்துவிட்டதாமா?" என்று கேட்டார். கேட்டபடியே, சட்டியின் அடிவரை விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

அன்புடன்,
அக்கா