அமெரிக்க ஹெவி மெட்டல் ராக் குழுவான மெட்டாலிகாவின் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பம் நிஜமாகவே அவ்வளவு மோசமா? அந்த டிரம் சத்தத்தை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

மோசமில்லை. யாரோ கிண்டலுக்கு வெட்டிப் போட்ட ஒரு நிமிடத் துண்டைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 11 பாட்டு, 75 நிமிடம். முழுசாக ஒரு தடவை கேளுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

நான் மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பவன், அதனால் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிரம் செட்டில் உள்ள ஸ்னேர் என்ற டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கம்பிகள் இருக்கும், அவை அதிர்வதால்தான் 'சடக்' என்று வெடிக்கிறது. பக்கத்தில் உள்ள விசையைத் தள்ளினால் கம்பி விலகி, வெறும் 'டங்' மட்டும் வரும். இந்த ஆல்பத்தில் மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் கம்பியை விலக்கி வைத்தே வாசித்தார். அதைத்தான் தகர டப்பா என்கிறார்கள்.

மேலூர் பக்கம் ஒரு காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் நானும் ஒரு குத்துப்பாட்டுக்கு அப்படியே கம்பியை விலக்கி அடித்தேன். பகலெல்லாம் சாமி ஊர்வலத்துக்குப் பறை அடித்துவிட்டு மேடை ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "தம்பி, இப்பத்தேன் கொட்டு கணக்கா கேக்குது, அப்படியே அடி" என்றார். பாட்டு முடிவதற்குள் முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்து ஆடினார்கள். குழு நடத்தியவர் மட்டும் டிரம் ரிப்பேரா என்று கேட்டு, பாடகர்கள் முன்னாலேயே சத்தம் போட்டார். இன்னும் அது எனக்கு ஆறவில்லை.

2001-ல் மெட்டாலிகாவில் பாஸ் கிட்டார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் விலகினார், பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சைக்குப் போனார், ரெக்கார்டிங் நின்றது. தயாரிப்பாளர் பாப் ராக்கே பாஸ் வாசிக்க வேண்டி வந்தது. உடைகிற நிலையில் இருந்த குழு வழுவழுப்பாகவா வாசிக்கும்? 2003-ல் வெளிவந்ததும் அமெரிக்காவில் முதலிடம், மறுவருடம் தலைப்புப் பாட்டுக்கு கிராமி விருது. அதே ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 0.8 போட்டது. அது விமர்சனமா, கோபமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மெட்டல் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுடைய பழைய, பேர்பெற்ற ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பக்கத்தில் இதை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிட்டார் மட்டும் தனியாக முழங்கும் சோலோ ஒன்றுகூட இல்லாதது எனக்கும் குறைதான், சில பாட்டுகள் தேவைக்கு மேல் இழுக்கின்றன. ஆனால் தோலில் குச்சி விழும் சத்தத்தையே குறை என்று சொல்வதை ஏற்க மாட்டேன்.

கேட்கிறவர்கள் காது இப்படிக் கெட்டதற்கு, தட்டினால் டிரம் சத்தம் தரும் எலக்ட்ரானிக் பேடும் ஒரு காரணம். இப்போது பாதிக் குழுக்களில் டிரம் செட்டே கிடையாது, ரிதம் பேடை ஒரு ஸ்டாண்டில் மாட்டித் தட்டிவிட்டுப் போகிறார்கள். வேனில் இடம் மிச்சம், செட் கட்டும் நேரம் மிச்சம், ஒரு ஆள் சம்பளமும் மிச்சம். பேட் வாசிக்கும் தம்பிகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கும் அதுதான் பிழைப்பு. ஆனால் செட் வேண்டாம் என்று சொல்லும் குழுக்களுக்கு நான் போவதில்லை.

கேட்பதானால் முதல் பாட்டான 'ஃப்ரான்டிக்'கில் ஆரம்பியுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம்.